குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் சில உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும்.

பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. குடியரசு தினத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். தெருவிளக்குக்கு மனு கொடுத்திருக்கிறோம். செயற்குழு மாதந்தோறும் கூட வேண்டும் என்பது விதி, கூடியவரை கூடினோம்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, உறுப்பினர் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றியது. நோட்டு ஒன்று சொன்னது, எக்ஸெல் கோப்பு வேறு சொன்னது. பைத்தான் என்ற நிரல் மொழியில், திரையில் பெட்டி, பட்டியல் எல்லாம் அமைக்க உதவும் க்யூட் (Qt) என்ற நிரல் தொகுப்பை வைத்து நானே ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். சங்கத்துக்கு ஒரு ரூபாய் செலவில்லை. "இதெல்லாம் தேவையா?" என்று கேட்டவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திரையின் இடப்பக்கம் ட்ரீ வியூ, அதாவது கிளை கிளையாக விரியும் பட்டியல். தெருக்களின் பெயர் இருக்கும். ஒரு தெருவை விரித்தால் அதன் வீடுகள் வரும். வலப்பக்கம் பெயர், கைபேசி எண், சந்தா, கட்டிய தேதி என்று டெக்ஸ்ட் பாக்ஸ்கள். வீட்டைக் கிளிக் செய்தால் பெட்டிகள் நிரம்ப வேண்டும், பெட்டியில் திருத்தினால் பதிவேடு மாற வேண்டும். இவ்வளவுதானே என்று தோன்றும்.

க்யூட்டில் இதற்கென்றே டேட்டா விட்ஜெட் மேப்பர் என்று ஒன்று உண்டு. பதிவேட்டின் எந்த நெடுவரிசை எந்தப் பெட்டிக்கு என்று அதனிடம் ஒருமுறை சொன்னால் போதும். சாதாரணப் பட்டியல் என்றால் அத்தோடு வேலை முடிந்தது. ட்ரீயில் முடியாது. வரிசை எண் ஒவ்வொரு தெருவுக்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முதல் தெருவின் மூன்றாம் வீடும் நான்காம் தெருவின் மூன்றாம் வீடும் அதற்கு 2 தான். மேப்பரோ ஒரு நேரத்தில் ஒரு தெருவுக்குள்தான் பார்க்கும். ஆகவே வேறு தெரு வீட்டைக் கிளிக் செய்ததும் அந்தத் தெருவை ரூட் இண்டெக்ஸாக, அதாவது மேப்பர் பார்க்க வேண்டிய தெருவாக, மாற்றிவிட்டுத்தான் வீட்டைக் காட்டச் சொல்ல வேண்டும். மாற்றாவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. பெட்டிகளில் முந்தைய வீட்டுக்காரரே உட்கார்ந்திருப்பார், பணமும் அவர் பேரில் ஏறும்.

அப்புறம் தேடும் பெட்டி. ஒருவர் பெயரைத் தட்டினால், தெருவின் பெயரில் அது இல்லாததால் தெரு மறையும், தெருவோடு வீடும் போய்விடும். க்யூட் 5.10 முதல் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. பொருந்தும் வீட்டுக்காக அதன் தெருவையும் விட்டுவைக்கும். வடிகட்டிய பட்டியலில் முதலில் நிற்பவர் பதிவேட்டில் முதலாமவர் அல்ல என்பதால், ஒவ்வொரு கிளிக்கையும் மூலப் பதிவேட்டின் இடத்துக்கு மாற்றிய பிறகே மேப்பரிடம் கொடுக்கிறேன். தமிழில் இன்னொரு தொல்லை: 'கோ' என்பதில் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம், ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் கணினிக்கு வேறு வேறு. பதிவேட்டையும் தேடும் சொல்லையும் யூனிகோட் என்ற எழுத்துக்குறித் தரத்தின் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ஒரே குறியாகச் சேர்த்த வடிவத்துக்கு, மாற்றாவிட்டால் சில கோபால்கள் அகப்படவே மாட்டார்கள்.

மேப்பரை அப்படியே விட்டால், கர்சர் பெட்டியை விட்டு நகர்ந்தாலே பதிவேட்டில் ஏற்றிவிடும். சந்தா விஷயத்தில் அது ஆகாது. 'சேமி' பொத்தானை அழுத்தினால் மட்டுமே ஏறும்படி வைத்திருக்கிறேன்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. "நான் கட்டிவிட்டேன், உங்கள் ப்ரோக்ராம்தான் வேறு யார் பேரிலோ ஏற்றியிருக்கும்" என்று சிலர் சொல்லி வருகிறார்கள். அப்படியானால் கட்டாத யாரோ ஒருவர் கட்டியதாகக் காட்ட வேண்டும். ரசீது அடிக்கட்டையில் இல்லாத வரவு ஒன்றுகூடப் பதிவேட்டில் இல்லை. சொல்பவர்களின் அடிக்கட்டையும் இல்லை. பெயர் சொல்லப் போவதில்லை. பாக்கி உள்ள வீடு திரையில் சிவப்பாகத் தெரியும். சில தெருக்களை விரிக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

செயற்குழுவுக்கு இதைக் கற்றுத்தர ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தோம். பொருளாளரும் அவரோடு பேரனும் வந்தார்கள். பேரன் கற்றுக்கொண்டான்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. கையிருப்பு போன ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. கவலைப்படும் அளவுக்கு இல்லை. தணிக்கையாளர் கேட்ட விளக்கங்கள் தரப்பட்டு வருகின்றன.

இடம் கொடுத்த பள்ளிக்கும், நாற்காலி தந்தவருக்கும், தலைவர் அவர்களின் வழிகாட்டுதலுக்கும் நன்றி.

வரும் ஆண்டு இந்தப் பொறுப்பு வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் இருந்தேன். க்யூட் தெரிந்தவர் யாராவது முன்வந்தால் முழு நிரலையும் இன்றே ஒப்படைக்கிறேன். யாரும் வராவிட்டால், பொதுக்குழு வற்புறுத்தினால், தொடர்வதில் ஆட்சேபணை இல்லை. இதெல்லாம் ஓடுவது என் சொந்த மடிக்கணினியில். சார்ஜரைக் கழற்றினால் அணைந்துவிடும். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து புதிது வாங்கித் தந்ததால் பழையதை அலமாரியில் வைத்திருக்கும் உறுப்பினர்கள் நம்மில் உண்டு என்று கேள்வி.

கூட்டம் முடிந்ததும் டீ மேசைக்குப் பக்கத்தில் ரசீது புத்தகத்தோடு இருப்பேன். கட்டியவர்கள் தங்கள் வீடு கறுப்பாக மாறுவதைப் பார்த்துவிட்டே போகலாம். ஜிபேயும் உண்டு.

செயலாளர்