கடைசியில் சேர்ப்பதற்கல்ல ஆன்லைன்

அன்புள்ள கயல்விழிக்கு,

நலம், நலமறிய ஆவல். நீங்கள் உருவாக்கப்போகும் கணினி ஆட்டத்தைப் பற்றி நீ அனுப்பிய திட்டக் குறிப்பை நிதானமாகப் படித்தேன். ஏழு நாடுகள், ஆயிரம் பேர் ஒரே களத்தில் மோதும் போர், தனிப் பணம், தனிச் சந்தை என்று நீயும் உன் நண்பர்களும் எழுதியிருப்பதில் உங்கள் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் "ஆட்டத்தை முழுதாக முடித்துவிட்டு, ஆன்லைன் வசதியைக் கடைசியில் சேர்ப்போம்" என்றொரு வரி அதில் இருக்கிறது. அந்த வரியை அடித்துவிடச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு முதலில் தூரம்தான் கண்ணில் படும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் சுமார் 2,900 கி.மீ.; அங்குள்ள சர்வருக்கு, அதாவது ஆட்டத்தை நடத்தும் மையக் கணினிக்கு, போய்த் திரும்பவே 29 மில்லி நொடி ஆகும். பிராங்க்ஃபர்ட் என்றால் 75 ஆகிவிடும். கேபிள் சுற்றிச் செல்வதும், வழியிலுள்ள ரவுட்டர்களும், வீட்டு வைஃபையின் தடுமாற்றமும் இதற்கு மேல். எவ்வளவு பணம் கொட்டினாலும் இந்தத் தாமதத்தை ஒழிக்க முடியாது, மறைக்கத்தான் முடியும். அந்த மறைப்பு ஆட்டத்தின் ஒவ்வொரு அசைவிலும் ஊடுருவியிருக்க வேண்டும் என்பதால்தான் அதைப் பிறகு ஒட்டவைக்க இயலாது என்கிறேன்.

ஆட்டக்காரர் ஒருவர் வலப்புறப் பொத்தானை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள். அவருடைய கணினி "நான் இந்த இடத்தில் இருக்கிறேன்" என்று சொல்லக் கூடாது; "வலப்புறம் அழுத்தினேன், இது என் 41ஆவது கட்டளை" என்று மட்டுமே சொல்ல வேண்டும். இடத்தைத் தீர்மானிப்பது சர்வரின் வேலை. அதன் பதிலுக்காகக் காத்திருந்தால் ஆட்டம் இழுக்கும் என்பதால், அவருடைய திரையில் உருவத்தை உடனே நகர்த்திவிட்டு, விடை வந்ததும் 41 வரையிலான கணக்கு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து, ஒத்துப்போகாவிட்டால் சர்வர் சொன்ன இடத்தில் உருவத்தை வைத்து, அதன்பின் அழுத்திய கட்டளைகளை மீண்டும் ஓட்ட வேண்டும். மோடம் காலத்துத் துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களை ஆடத்தக்கவையாக்கியதில், 1996இல் குவேக்வேர்ல்டு என்ற ஆட்டம் கொண்டுவந்த இந்த முன்கணிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆட்டக்காரரின் கணினியை நம்பிவிட்டால், எவனோ ஒருவன் தன் கையில் கோடிப் பொற்காசு இருப்பதாக அனுப்புவான்; உங்கள் சந்தை அன்றே படுத்துவிடும்.

எனவே இரண்டு வண்ணச் சதுரங்களோடு தொடங்குங்கள். ஆட்டங்களை உருவாக்க உதவும் கொடாட் எஞ்சின் என்ற மென்பொருள் இலவசம், வலைப்பின்னல் வசதி அதிலேயே இருக்கிறது. ஒரே கணினியில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து, சதுரங்கள் வழுக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதே. அங்கே தாமதமே கிடையாது. லினக்ஸில் உள்ள நெட்எம் வசதியால் 150 மில்லி நொடித் தாமதத்தையும் 2 சதவீதத் தரவு இழப்பையும் வேண்டுமென்றே புகுத்தி, அப்போதும் சதுரங்கள் ஒழுங்காக நகர்ந்தால் மட்டும் அடுத்த வேலைக்குப் போங்கள்.

சர்வர் வாடகையைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். ஆளில்லாத களம்தான் பெரிய கவலை: உள்ளே வருபவருக்கு எதிராளி இல்லையென்றால் உடனே போய்விடுவார். மூன்றே பேர் கொண்ட குழு 2018இல் வெளியிட்ட அமாங் அஸ் என்ற ஆட்டம், 2020இல்தான் உலகெங்கும் பரவியது. ஆகவே ஒரு சுற்று சில நிமிடங்களில் முடியட்டும், ஆள் குறையும்போது கணினியே ஆடட்டும், முன்பின் தெரியாதவர்களைச் சீக்கிரமே உள்ளே விடுங்கள். அல்டிமா ஆன்லைன் என்ற ஆட்டத்தில் விலங்குகளுக்கென்று ஓர் உணவுச் சங்கிலியையே நுணுக்கமாக வடிவமைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்களோ கண்ணில் பட்ட உயிரையெல்லாம் கொன்று தீர்த்தார்கள், அதைக் கைவிட வேண்டியதாயிற்று. உங்கள் ஏழு நாடுகளுக்கும் அந்த கதி நேரலாம் என்பதால் அவற்றை இப்போதைக்கு நோட்டிலேயே வைத்திருங்கள்.

சதுரங்கள் நகரத் தொடங்கியதும் எனக்கு முகவரியை அனுப்பு. நம் வீட்டு மாடியில் இணைப்பு எப்படி இழுக்கும் என்று உனக்கே தெரியும். அங்கே உட்கார்ந்துதான் ஆடிப் பார்க்கப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா