பித்தளை வளையத்தை நிறுத்திவை

ஃபோல்சம், கலிஃபோர்னியா
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

முதலில் அவசரச் செய்தி. என் ரிமோட் காருக்காகப் போன வாரம் போனில் கடைசல் போடச் சொன்ன பித்தளை வளையங்களை லேத்தில் ஏற்றிவிட்டாயா? ஏற்றவில்லை என்றால் நிறுத்திவை. அளவு மாறுகிறது. ஏன் மாறுகிறது என்று போனில் சொன்னால் பட்டறைச் சத்தத்தில் பாதி போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து வாக்கர் இல்லாமல் நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை மூன்று முறை படித்தேன். அவர்கள் கையால் சாப்பிட்ட ராகிக்களி இன்னும் நாக்கில் இருக்கிறது. நான் கேட்டதாகச் சொல். புது சிஎன்சி மெஷின் வந்தும் பழைய லேத்தை விற்கவில்லை என்பதும் எனக்குப் பெரிய சந்தோஷம். அந்த மெஷினில்தானே நீ எனக்கு ஃபேசிங் கற்றுக்கொடுத்தாய்.

"பொம்மைக் காருக்கு எதற்குடா இத்தனை பாடு?" என்று கேட்டாய். கேட்டது சரிதான். இதை நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை.

இது ஓடுகிற கார் இல்லை, ஏறுகிற வண்டி. நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு. பெயரே கிராலர், அதாவது ஊர்ந்து போவது. மனிதன் நடக்கிற வேகம்கூட இதற்கு அதிகம். கொல்லிமலைக்கு மேலே தோட்டத்துப் பாதையில் நம்மை ஏற்றிக்கொண்டு போன அந்த மகேந்திரா ஜீப் ஞாபகம் இருக்கிறதா? பாறை வந்ததும் டிரைவர் அண்ணன் லோ கியரைப் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரில் இருந்து காலையே எடுத்துவிட்டார். வண்டி தானாக மூக்கைத் தூக்கி, ஒவ்வொரு சக்கரமாக வைத்து வைத்து ஏறியது. நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு "இவரு அவசரமே படல பாரு" என்றாய். நான் செய்வது அதைத்தான், என்ன, உள்ளே நான் உட்கார முடியாது.

அந்த ஜீப்பின் உடலையே வைக்க ஆசைப்பட்டேன். கணக்கு ஒத்துவரவில்லை. அதன் மூதாதையான வில்லிஸ் சிஜே-3பி ஜீப்பில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 80 அங்குலம். பத்தில் ஒன்று என்றால் 203 மி.மீ. என் சேசிஸில் அது 313 மி.மீ. உடலை இழுத்து நீட்டினால் அது ஜீப்பாகவே இருக்காது. மனசில்லாமல் விட்டேன்.

போட்டி எப்படி என்றால், பாறைகளுக்கு நடுவே இரண்டிரண்டு குறிகளாக கேட் நட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு தடத்துக்குப் பத்து கேட். வண்டி குறியைத் தொடாமல் நடுவே போக வேண்டும். நாம் ரிமோட்டோடு கூடவே நடக்கலாம், நடுவர் பின்னால் வருவார். ரிவர்ஸ் எடுத்தால் 1 புள்ளி, கேட்டை இடித்தால் 10, கவிழ்ந்து கையால் தூக்கி வைத்தால் இன்னொரு 10. கடைசியில் குறைந்த புள்ளி உள்ளவர் ஜெயித்தவர். நேரக் கெடு உண்டு, ஆனால் வேகமாக முடித்ததற்குப் பரிசு இல்லை. எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனதே அதனால்தான்.

வண்டியின் உள்ளே இருப்பது உனக்கு உடனே புரியும். நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் விசை போகும். இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலைப் பூட்டியே வைத்திருக்கிறேன். ஆக்சில் போர்ட்டல் வகை, யூனிமாக் லாரியில் இருப்பதுபோல. சக்கரத்துப் பக்கத்தில் இன்னொரு ஜோடி பல்சக்கரம் வைத்து ஆக்சில் குழாயைச் சக்கரத்தின் மையத்துக்கு மேலே தூக்கிவிடுவார்கள். அடியில் கல் தட்டாது. இன்னொரு லாபமும் உண்டு. வேகக் குறைப்பில் ஒரு பகுதி சக்கரத்தருகே நடப்பதால் நடுவில் ஓடும் டிரைவ் ஷாஃப்டில் முறுக்கு குறைகிறது. முன்பெல்லாம் ஆக்சிலேட்டர் கொடுத்தால் சேசிஸ் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு சாயும், இதில் அது அடங்கிவிட்டது. இந்த அளவு வண்டிகளில் டிராக்சஸ் கம்பெனியின் டிஆர்எக்ஸ்-4 2017-இல் போர்ட்டலோடு வந்தது, ஆக்சியல் கம்பெனியின் எஸ்சிஎக்ஸ்10-இன் மூன்றாம் வடிவம் 2020-இல்.

மோட்டார் விஷயத்தை மட்டும் கோயம்புத்தூர்க்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. 35 சுற்று வைண்டிங்கை எடுத்துவிட்டு 45 சுற்று போட்டேன். வேகம் குறைந்தது, ஆனால் விரல் நுனி அசைவுக்கு அரை அங்குலம் நகர்கிறது. விரலை எடுத்தால், மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து விடும் கன்ட்ரோலர் மோட்டாரின் இரு முனைகளையும் ஷார்ட் செய்துவிடும், வண்டி சரிவிலேயே நின்றுகொள்ளும். பின் ஆக்சில் 100 சுற்று சுற்றும்போது முன் ஆக்சில் 106 சுற்றுகிறது, அப்படிப் பல்சக்கரம் மாற்றியிருக்கிறேன். முன் சக்கரம் எப்போதும் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும், திருப்பமும் சின்னதாகும்.

ஆகஸ்டில் நடந்த போட்டியில் என்ன ஆனது என்று நான் எழுதவே இல்லை. மனசு கேட்கவில்லை. ஏழாவது கேட் வரை சுத்தமாக வந்தேன். அங்கே இரண்டு பாறைக்கு நடுவே முன் சக்கரம் இறுகிக்கொண்டது. ஸ்டியரிங்கை முழுசாக இடது பக்கம் திருப்பினேன். வண்டி செத்துப்போனது. இரண்டு நொடியில் தானாக உயிர் வந்தது, அதற்குள் பின்பக்கமாக உருண்டு கவிழ்ந்துவிட்டது. எட்டாவதிலும் அதே கதை.

வீட்டுக்கு வந்து வண்டியை மேஜையில் கட்டிப்போட்டு, சக்கரத்தை மரக்கட்டையால் அடைத்து, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரில் மல்டிமீட்டர் வைத்து ஸ்டியரிங்கைத் திருப்பினேன். 6 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 3.8. ஸ்டியரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோ திரும்ப முடியாமல் முக்கும்போது இழுக்கிற கரண்ட்டை, கன்ட்ரோலருக்குள் வோல்ட்டைச் சீராக வைக்க இருந்த சின்ன ரெகுலேட்டர் கொடுக்க முடியாமல் படுத்துவிடுகிறது, ரிசீவர் அணைந்து எழுகிறது. பெரிய சர்வோவை நான் மாற்றிய அன்றே தனி ரெகுலேட்டர் போட்டிருக்க வேண்டும். இப்போது 10 ஆம்பியர் ஒன்று தனியாக இருக்கிறது, அதே கட்டை வைத்து முக்கவிட்டாலும் வோல்ட் அசையவில்லை.

இனி உன் வளையத்துக்கு வருகிறேன்.

செப்டம்பர் முழுக்க எனக்கு ஒரே நினைப்பு, முன்பக்கம் எடை போதவில்லை. இங்கே எல்லாரும் செய்வதும் அதுதான். ரிம்முக்குள் பித்தளை, சக்கரத்தோடு திரும்பும் ஸ்டியரிங் நக்கிளில் பித்தளை, ஆக்சில் மூடியும் பித்தளை. அலுமினியத்தைவிட மூன்று மடங்கு கனம், அதே இடத்தில் அடங்கிவிடும். எல்லாம் சேர்த்து 480 கிராம் முன் ஆக்சிலில் ஏற்றுவது என்று திட்டம். அதில் உன் பங்குதான் தலா 90 கிராம் வளையங்கள்.

உனக்கு ஆர்டர் சொன்ன மறுநாள், பாலிடெக்னிக்கில் நாம் ஃபைல் போட்டுத் தேய்த்த சதுரக் கட்டை ஞாபகம் வந்தது. அளக்காமல் தேய்த்தால் சார் வாங்கி வீசிவிடுவார். நானோ அளக்காமலே 480 கிராம் ஏற்றப் போகிறேன். அன்று ராத்திரியே அளந்தேன்.

நான்கு சமையலறைத் தராசுகளைச் சமமாக வைத்து வண்டியை ஏற்றினேன். மொத்தம் 2,700 கிராம், முன்பக்கம் 60 சதவீதம். அடுத்து எடை எந்த உயரத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். ஸ்பிரிங் அமுங்காமல் ஷாக்குகளுக்குள் குழாய்த் துண்டு வைத்துப் பூட்டி, ஒரு பலகையில் வண்டியைக் குறுக்காக நிறுத்தி, பலகையின் ஒரு ஓரத்தை மெல்லத் தூக்கினேன். 50 டிகிரியில் கவிழ்ந்தது. கீழ்ப்பக்கச் சக்கரம் மிதிக்கிற கோட்டிலிருந்து வண்டியின் நடு 95 மி.மீ. அதை 50 டிகிரியின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் உயரம் 80 மி.மீ.

இந்த மூன்று எண்கள் கையில் இருந்தால் மிச்சம் பள்ளிக்கூடக் கணக்குதான். இப்போதைய நிலையில் நேர் ஏற்றத்தில் 67 டிகிரி வரை பின்னால் மல்லாக்க விழாது, இறக்கத்தில் 57 வரை தலைகீழாகப் போகாது. நிஜப் பாறையில் அதற்கு முன்பே ரப்பர் பிடி விட்டுவிடும், ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். இதன்மேல் 480 கிராம் பித்தளையை முன் ஆக்சிலில் ஏற்றினால்? முன்பக்கம் 66 சதவீதம் ஆகிறது, உயரம் 77 ஆகிறது. ஏற்றத்தில் இரண்டரை டிகிரி கிடைக்கிறது. இறக்கத்தில் மூன்று டிகிரி போகிறது. அவ்வளவுதான் மாப்ளே. கிட்டத்தட்ட அரைக் கிலோ உலோகத்துக்கு அவ்வளவுதான். அதிலும் அந்தக் கனத்தைச் சர்வோ ஒவ்வொரு தடவையும் திருப்ப வேண்டும்.

நோட்டை மூடாமல் வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே இருந்த உடல் கண்ணில் பட்டது. கெட்டி பிளாஸ்டிக்கில் வார்த்தது, கதவு கைப்பிடி முதல் வைப்பர் வரை அப்படியே நிஜ வண்டி. ஆசைப்பட்டு வாங்கியது, நானே மூன்று வாரம் பெயின்ட் அடித்தது. கழற்றித் தராசில் வைத்தேன். 480 கிராம். கீழே ஏற்ற நினைத்த அதே எடை, தரையிலிருந்து 180 மி.மீ. உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் லெக்சான் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் அச்சுப் போட்ட உடல் வாங்கினேன். கம்பிக் கூண்டோடு சேர்த்து 180 கிராம். மேலிருந்து 300 கிராம் போனது. பேட்டரியைக் கொஞ்சம் நகர்த்தி முன்பக்கத்தைத் திரும்ப 60 சதவீதத்துக்குக் கொண்டுவந்தேன். பலகையைத் தூக்கினால் 55 டிகிரி வரை நின்றது. அதன்படி உயரம் ஏறக்குறைய 67 மி.மீ. கணக்கில் வந்ததும் அதுவேதான். ஏற்றம் 70, இறக்கம் ஏறக்குறைய 62. ஏற்றம், இறக்கம், பக்கச்சரிவு மூன்றும் கூடியிருக்கிறது, எதிலும் இழப்பு இல்லை. அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பலகை சொன்னால் போதாது, பாறை சொல்ல வேண்டும். இங்கே ஃபோல்சம் ஏரியில் கோடை முடிந்து தண்ணீர் இறங்கிவிட்டால் கரையில் கருங்கல் பாறைகள் வெளியே வரும். சொரசொரப்பான கல், நம்ம ஊர்ப் பக்கத்துப் பாறை மாதிரியே. அங்கே ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்துச் சாக்பீஸால் வழி கோடு போட்டேன். பழைய உடலோடு பத்து முறை, புதிய உடலோடு பத்து முறை. பழையதில் மூன்று முறை ஏறியது. புதியதில் எட்டு. வேறு எதையும் அன்று தொடவில்லை. ஒரு நாளில் ஒரு மாற்றம்தான் என்று வைத்திருக்கிறேன், இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் ஏறியது என்றே தெரியாமல் போகிறது.

டயருக்குள் காற்று இல்லை, ஃபோம்தான். உள்ளே கெட்டி, வெளியே மிருது என்று இரண்டு அடுக்கு. காலைக் குளிரில் ரப்பர் விறைத்து வழுக்குகிறது, பத்து மணி வெயில் பட்டால் அதே இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் எல்லாச் சோதனையையும் ஒரே நேரத்தில் செய்கிறேன். ஷாக் எண்ணெய் பற்றி இன்னும் முடிவுக்கு வரவில்லை, அது அடுத்த கடிதத்துக்கு.

எங்கள் பிரிவில் ஓட்டுநர் பொம்மை உள்ளே இருந்தாக வேண்டும். பழையது 40 கிராம். சின்னவள் தெர்மாகோலில் ஒன்று செதுக்கி, மீசை வைத்து, அவள் தாத்தாவுடைய பச்சைத் துண்டு மாதிரி ஒரு துணுக்கைத் தோளில் போட்டிருக்கிறாள். 9 கிராம். அப்பா ஒருநாளும் வண்டி ஓட்டியதில்லை. இப்போது பாறை ஏறுகிறார். அவர் போய் நான்கு வருடம் ஆகப்போகிறது, நீதான் எல்லாக் காரியத்தையும் முன்னே நின்று பார்த்தாய். அந்தப் பொம்மையை உள்ளே ஒட்டும்போது உன்னையும் நினைத்தேன்.

பழைய உடலைத் தூக்கிப் போடவில்லை. அலமாரியில் வைத்திருக்கிறேன்.

வளையத்தை முழுசாக விடவும் மனமில்லை. சக்கரத்தின் மையம் 60 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, வண்டியின் எடை மையத்துக்கு இன்னும் கீழே, அதனால் அங்கே வைக்கிற கொஞ்சம் கனம் கெடுதல் செய்யாது. முன் சக்கரம் பாறையில் துள்ளாமல் படியவும் உதவும். ஆகவே இந்த அளவில் போடு: வெளி விட்டம் 42, உள் விட்டம் 34, இரண்டும் பழையபடியே. அகலம் 22 என்று சொன்னதை 10 ஆக்கு. ஏறக்குறைய 40 கிராம் வரும். நான்கு வேண்டாம், முன் சக்கரத்துக்கு இரண்டு போதும். உள் ஓரத்தில் அரை மி.மீ. சாம்ஃபர் எடுத்துக் கூர்முனையைச் சரித்துவிடு, ரிம் கீறாமல் இருக்கட்டும். பாலிஷ் வேண்டாம். முடிந்தால் பழைய லேத்திலேயே போடு.

டிசம்பர் முதல் வாரம் மச்சான் அங்கே வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்பு. அனுப்பும் முன் இரண்டையும் நகைக்கடைத் தராசில் வைத்துப் பார். அரை கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கனமானதை இன்னொரு சீவு சீவிவிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்