பாதித் தேர்வு எனக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள கஸ்தூரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் நலம்.

முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஆறுதலாக அழைத்துப் போகும் நாய்களுக்கான தேர்வில் என் நாய் செம்பி தேறிவிட்டாளா என்று கேட்டிருந்தாய். தேறிவிட்டாள், நானும்தான். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர், அமெரிக்காவின் ‘பெட் பார்ட்னர்ஸ்’ அமைப்பின் விதிகளை ஒட்டிச் சோதித்தார். அவர்கள் கணக்கில் நாய்க்கென்று தனியாகத் தேர்ச்சி கிடையாது. நாயும் அதைக் கூட்டிப் போகிறவரும் சேர்ந்துதான் ஒரு ஜோடி. நாளைக்கு என் மருமகள் செம்பியை அழைத்துப் போக வேண்டுமென்றால், அவளும் தேர்வில் நிற்க வேண்டும். 2 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் தேர்வு.

உட்கார், இரு, வா எல்லாம் லேசு. ஒருவர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வருவார். முதுகுக்குப் பின்னால் தடாலென்று எதையோ போடுவார்கள். கை நடுங்குகிறவர் போலத் தாறுமாறாகத் தடவுவார்கள். செம்பி கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி அத்தனையையும் வேடிக்கை பார்த்தாள். பயிற்சியாளரின் கண் பெரும்பாலும் என்மேல்தான். நாய் சும்மா உதட்டை நக்கினால், தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டால், முகத்தைத் திருப்பினால், ‘எனக்குப் போதும்’ என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் நான் கிளம்புகிறேனா, இல்லை எதிரே இருப்பவர் வருத்தப்படுவாரே என்று அவளைப் பிடித்து வைக்கிறேனா? அதைத்தான் கவனிக்கிறார். வயதானவர் ஒருவர் ‘கொஞ்ச நேரம் இருக்கட்டுமே’ என்றால், முடியாது என்று சொல்லி நமக்கெல்லாம் எங்கே பழக்கம்?

அப்புறம் சாப்பாடு. பச்சை மாமிசம் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா போன்ற கிருமிகள் நாய் வழியாக நோயாளிக்குப் போய்விடலாம். துறைமுகத்து மீன் தலையைப் பார்த்து வளர்ந்தவளிடம் இதை யார் சொல்வது? இப்போது வேகவைத்துத்தான் போடுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்வருகிறோம். போவதற்கு முன் குளியல், நகம் வெட்டல். ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பதும் விதி. நான் அதற்கு முன்பே கிளம்பிவிடுவேன். அறை வாசலிலேயே நின்று, வரலாமா என்று கேட்பேன். நாய் தொட்டால் பூஜைக்கு முன் மறுபடி குளிக்க வேண்டும் என்கிற பாட்டிகள் உண்டு. அவர்களைத் தாண்டிப் போய்விடுவோம். அதில் ஒருவர் தினமும் தூரத்தில் நின்றபடியே செம்பியிடம் தன் மகனைப் பற்றிக் குறை சொல்வார். அவளும் உட்கார்ந்து கேட்பாள்.

இந்தச் சான்றிதழைக் காட்டி எங்கும் நாயை அழைத்துப் போகலாமா என்று உன் வீட்டுக்காரர் கேட்டாராம். முடியாது. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் வேறு. அமெரிக்கச் சட்டத்திலேயே அதற்குள்ள நுழைவுரிமை செம்பி போன்றவர்களுக்கு இல்லை.

உன் ராஜபாளையத்தைச் சேர்க்கலாமா என்றாய். அந்த இனம் வீட்டாரோடு ஒட்டிக்கொண்டு, புதியவர்களைக் கிட்டே விடாது. அது அதன் குணம், குறையல்ல. ஆனாலும் பார்க்காமல் சொல்ல மாட்டேன். தெரியாத ஒருவர் கை நீட்டினால் தானாகவே கிட்டே போகிறானா? பொறுத்துக்கொண்டு நின்றால் மட்டும் போதாது. ரேபிஸ் ஊசி போட்ட அட்டையைத் தேடி வை, தை பிறந்ததும் நான் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
வசந்தா