வாசிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. சிறப்புச் சொற்பொழிவு, பேச்சாளர் வராததால் ஒத்திவைக்கப்பட்டது. நிலையான வளர்ச்சி இலக்குகள் குறித்தும் ஓர் அமர்வு நடந்தது; கெடு 2030, ஆனால் சரியான பாதையில் செல்பவை 17 சதவீதமே என்கிறது ஐ.நா.வின் 2024 அறிக்கை.

தொடர் வாசிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதை முன்மொழிந்தவன் நான் என்பதற்காக அல்ல. 2024 செப்டம்பரில் ஐ.நா. ஏற்ற, இணையம், தரவு, செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றுக்குப் பொது நெறிகளை வகுக்கும் உலகளாவிய டிஜிட்டல் ஒப்பந்தத்தையும், அதற்கு முந்தைய மாதம் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தையும் சேர்த்துப் படித்தோம். ஒப்பந்தம் எவரையும் கட்டுப்படுத்தாது. ஆகவே கைதட்டுவதில் யாருக்கும் சிரமமில்லை. சட்டமோ சில பயன்பாடுகளைத் தடைசெய்து, அந்தத் தடையை மீறும் நிறுவனத்தின் உலகளாவிய ஆண்டு வருவாயில் 7 சதவீதம் வரை அபராதம் விதிக்கும். ஆனால் அதை இயற்றியவை 27 நாடுகள் மட்டும். மற்ற நாட்டு மக்களின் தரவுக்கு யார் காவல் என்று கேட்டால் இரண்டிலும் பதில் இல்லை. சட்டத்தின் 5ஆம் பிரிவிலேயே ஒரு மாலை போயிற்று. பணியிடத்தில் ஊழியரின் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கும் கருவிக்குத் தடை. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு விலக்கு. "அந்தப் பாதுகாப்பு என்ற சந்தில் யானையே நுழையும்" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அதைக் கேட்க வந்திருந்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அடங்கிவிட்டார்கள். தொடர் மிகக் கடினம் என்று குறைப்பட்டவர்கள் ஓர் அமர்வுக்கும் வந்ததில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

அடுத்து, சந்தா. உறுப்பு நாடுகள் பணம் கட்டாததால் ஐ.நா. ஆள் எடுப்பதையே நிறுத்தியது பற்றி உருக்கமாகப் பேசியவர்கள் நம் பதிவேட்டிலும் நிலுவையில் இருக்கிறார்கள். ஐ.நா. சாசனத்தின் 19ஆம் பிரிவின்படி, இரண்டு முழு ஆண்டுத் தொகை அளவுக்குப் பாக்கி சேர்ந்த நாட்டுக்குப் பொதுச்சபையில் வாக்கு இல்லை. கைமீறிய காரணம் இருந்தால் சபை விலக்கு அளிக்கலாம். இதையே நம் விதிகளிலும் சேர்க்க நான் கொண்டுவந்த தீர்மானம், செயற்குழுவில் ஒரே ஒருவர் ஆட்சேபித்ததால் நின்றுபோனது. ஐ.நா. பாதுகாப்பு அவையில்கூட, தனி ஒருவராய்த் தீர்மானத்தைத் தடுக்கும் அந்த வீட்டோ அதிகாரம் ஐந்து நாடுகளுக்குத்தான்.

வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் உள்ளது. அவருக்கும், இடம் தந்தவர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

செயற்கை நுண்ணறிவை ஆராய 40 பேர் கொண்ட அறிவியல் குழு ஒன்றை அமைக்க 2025 ஆகஸ்ட்டில் ஐ.நா. முடிவு செய்தது. அடுத்த தொடருக்கு அதையே எடுத்துவைத்திருக்கிறேன். செயலாளராக யார் வர வேண்டும் என்பது பொதுக்குழுவின் உரிமை; தொடரச் சொன்னால் மறுக்க மாட்டேன். 19ஆம் பிரிவுத் தீர்மானம் மீண்டும் வரும். அதற்குள் பாக்கியைச் செலுத்த விரும்புவோருக்காகப் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார்.

செயலாளர்