பாலத்தில் நீ தூங்கிவிட்டாய்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், நானும் சட்டென்று பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் மகளுக்குப் பாம்பன் பாலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய் அல்லவா? நான் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகக் குனிந்தால் கைப்பிடிச் சுவர்கூட இல்லாமல் நேராகக் கடல்தான் தெரியும் என்றாய். ஓரிடத்தில் பச்சை, ஓரிடத்தில் கருநீலம். பக்கத்துச் சாலைப் பாலத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி நின்று நம் ரயிலைப் பார்த்தவர்கள், அதில் சிவப்புத் துண்டைச் சுழற்றிய ஒருவர். எல்லாமே சரி. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

ஆனால் கண்ணு, அதில் எதையுமே நீ பார்க்கவில்லை. நீ என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

1994, மே மாதக் கடைசி. உனக்கு ஆறு வயது. எழும்பூரில் மாலை ஏறினோம். அப்போது அந்தப் பாதை முழுக்க மீட்டர்கேஜ், இப்போதையதைவிடக் குறுகிய தண்டவாளம். பெட்டி குறுகல், ஆட்டம் அதிகம். விடிகாலையில் பரமக்குடி தாண்டியதுமே நீ எழுந்து உட்கார்ந்துகொண்டாய். ராமநாதபுரத்திலிருந்து ஒரே கேள்விதான்: "பாலம் எப்பம்மா வரும்?" உச்சிப்புளியில் ஒருமுறை அப்பா பொறுமையிழந்து, "பாலம் வராது, நாமதான் அதுகிட்ட போகணும்" என்றார். அதற்கு நீ அழுதாய்.

பாலத்துக்கு முந்தைய ஸ்டேஷனான மண்டபத்தில் வண்டி நின்றுவிட்டது. காற்று. பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்க ஒரு கருவி வைத்திருந்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் கிடைக்காது என்று எதிர் சீட்டுப் பெரியவர் சொன்னார். அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி ஆயிற்று. நீ கதவுக்கும் ஜன்னலுக்குமாக ஓடினாய், பக்கத்துப் பெட்டிக் குழந்தையோடு சண்டை போட்டாய், கடைசியில் என் மடியில் விழுந்து தூங்கிப்போனாய். நீ தூங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, வண்டி நகர்ந்தது.

"எழுப்பு, எழுப்பு" என்றார் அப்பா. நான் எழுப்பவில்லை. "பாவம், தூங்கட்டும், ராத்திரியெல்லாம் சரியா தூங்கல" என்றேன். இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான். அது பாதிதான் உண்மை. நீ பிறந்த ஆறு வருடத்தில் நான் ஒரு ஜன்னல் ஓரத்தில் யாருக்கும் பதில் சொல்லாமல் உட்கார்ந்ததே இல்லை. எழுப்பினால் "அது என்ன, இது என்ன" என்று ஆரம்பித்துவிடுவாய். அந்தக் கடலை எனக்கே எனக்கென்று ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டேன். எடுத்துக்கொண்டேன்.

வண்டி நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. இரண்டு கிலோமீட்டர் பாலம், 1914-ல் கட்டியது. நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே தூக்கிக்கொள்ளும் பகுதி இருந்தது. அதை மோட்டார் இல்லாமல் ஆட்களே நெம்புகோலைச் சுற்றித் தூக்குவார்கள் என்று அந்தப் பெரியவர் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த இடத்தைக் கடக்கும்போது சக்கரச் சத்தம் மாறியது. அதுவரை தடதடவென்று வந்தது, அங்கே கணீரென்று ஒலித்தது. அந்தச் சத்தத்தை நான் உனக்குச் சொன்னதே இல்லை. அது மட்டும் என்னிடமே இருக்கிறது.

ராமேஸ்வரத்தில் இறங்கும்போது விழித்துக்கொண்டு, "பாலம் எங்கே?" என்று பிளாட்பாரத்தில் உட்கார்ந்து நீ அழுத அழுகை! எனக்குக் குற்ற உணர்வு. அன்று இரவு தங்கிய இடத்தில் உன்னைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். பச்சை, நீலம், பஸ், சிவப்புத் துண்டு. மறுநாள் நீ திருப்பிச் சொன்னாய். மூன்றாம் நாள் "நான் பார்த்தேன்" என்றாய். பள்ளிக்கூடத்தில் கட்டுரையும் எழுதினாய். திருத்தலாமா என்று அப்பா கேட்டார். விட்டுவிடுங்கள் என்றேன். அப்போது திருத்தியிருந்தால் ஒரு நிமிட வேலை. இப்போது முப்பது வருடமாகிவிட்டது.

உன்னை நான் குறை சொல்லவே முடியாது. எனக்கும் இதே வியாதிதான்.

தாத்தா 1950-களில் தன் அண்ணனை இலங்கைக்கு அனுப்பிவைக்கப் போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி வரை போயிருக்கிறார். ரயில் பாம்பனைத் தாண்டித் தனுஷ்கோடித் துறைமுகம் வரை போகும்; அங்கே இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. ரயிலிலிருந்து கப்பல் வரை மூட்டை சுமந்தவர்கள் ஓடியது, அண்ணன் கப்பலில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரியாமல் எல்லோருக்கும் கையாட்டியது, எல்லாவற்றையும் சொல்வார். 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. தனுஷ்கோடி போனது, அந்த ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் வண்டியும் அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் போனார்கள். பாம்பன் பாலத்திலும் இரும்பு உத்திரங்கள் பெரும்பாலும் கடலுக்குள் விழுந்துவிட்டன. ஸ்ரீதரன் என்ற இளம் இஞ்சினியர் அதை 46 நாளில் சரிசெய்தார். பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கொண்டுவந்தவர் அவர்தான். தனுஷ்கோடிக்கு மட்டும் தண்டவாளம் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகுதான் தாத்தா அந்த ஊரைப் பற்றி அதிகம் பேசினார்.

அதே 94 பயணத்தில் ஜீப்பில் மணல்மேல் குலுங்கிக்கொண்டு தனுஷ்கோடி போனோமே, அது உனக்கு நிஜமாகவே நினைவிருக்கும், வாந்தி எடுத்தாய். இடிந்த மாதா கோயில், ரயில்வே தண்ணீர்த் தொட்டியின் மிச்சம், மிச்சமெல்லாம் மணல். ஒரு பக்கக் கடல் அமைதி, இன்னொரு பக்கம் ஆர்ப்பாட்டம். அமைதியானதைப் பெண் கடல் என்றும் மற்றதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். பெயர் வைத்தவர் நம் வீட்டுப் பெண்களைப் பார்த்திருக்க மாட்டார். அங்கே நான் அப்பாவிடம், "இங்கதான் வண்டி நிக்கும், இப்படி இறங்கி இந்தப் பக்கமா கப்பலுக்குப் போகணும்" என்று கைகாட்டிக்கொண்டிருந்தேன். அவர், "நீ எப்போ வந்தே?" என்றார். நான் வந்ததே இல்லை. புயலடித்தபோது எனக்கும் ஆறு வயதுதான். ஆனால் அந்தக் கப்பலை நோக்கி யாரோ கையாட்டுவது அன்று அந்த வெறும் மணலில் எனக்குத் தெரிந்தது, தாத்தாவின் கைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரில் வரும்போது எல்லோரும் ராமேஸ்வரம் போகலாம் என்றாய். அந்தப் பழைய பாலத்தில் இனி ரயில் போகாது, தெரியுமா? 2022 டிசம்பரிலேயே அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தாயிற்று. இது கை விரிக்காது. நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் மேலே போகும். எல்லாம் மின்சாரத்தில். வேகமும் அதிகமாம். எனக்கு அதுதான் கவலை.

முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, தேதி சொன்னால் உன் அண்ணன் போட்டுவிடுவான். சென்னையிலிருந்து நேராகப் போகிற ராத்திரி வண்டி வேண்டாம், இருட்டில் பாலத்தைக் கடந்துவிடும். மதுரை வரை எதிலாவது போய், அங்கிருந்து பகல் வண்டி பிடிக்கலாம். மற்றப் பாலங்கள் தெரியாத பக்கமாக உட்கார வேண்டும். அப்போதுதான் வெறும் கடல்.

உன் மகளுக்கும் வண்டி ஆடினால் தூக்கம் வருமென்று சொல்லியிருக்கிறாய். மண்டபம் வரும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தால், எழுப்புவதா வேண்டாமா என்பது உன் பாடு. நான் ஒன்றும் சொல்லமாட்டேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா