அப்பாவின் கையெழுத்து

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதமும் அதனுடன் அப்பா எழுதிய ஒரு பக்கமும் வந்து 18 நாட்களாகிவிட்டன. மூன்று மாதமாக நான் எழுதவில்லை என்று அம்மா கோபித்துக்கொண்டது நியாயம்தான். மூளை நோய் ஆராய்ச்சியில் எந்தப் பிரிவில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யப் போகிறேன் என்பது முடிவாகாமல் பேனாவை எடுக்க மனம் வரவில்லை. போன வாரம் முடிவு செய்துவிட்டேன்.

குளிர் பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. காலையில் ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் பனி படிந்திருக்கும், நகத்தால் சுரண்டினால் உதிரும். இரவு பத்து மணி வரை ஆய்வகத்திலேயே இருந்துவிடுகிறேன், அங்கே கதகதப்பாக இருக்கிறது. உதவித்தொகை போதுமானதாக வருகிறது. நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம்.

முதல் ஆண்டில் மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வேலை பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூளை நோய் ஆராய்ச்சி என்றால் ஒரே படிப்பு என்றுதான் நானும் நினைத்து வந்தேன். இங்கே ஒரே நோய்க்குள் ஆளுக்கொரு வாசல் வழியாக நுழைகிறார்கள். முதல் ஆய்வகம் செல்லையும் மூலக்கூற்றையும் பார்ப்பது. நோயாளியின் தோல் செல்லை, எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய குருத்தணுவாக மாற்றி, அதிலிருந்து நரம்பு செல்லை வளர்க்கிறார்கள். ஜப்பானிய விஞ்ஞானி யமனாக்கா 2006இல் எலியின் செல்லிலும், 2007இல் மனிதச் செல்லிலும் செய்து காட்டிய முறை அது. கண்ணாடிக் கிண்ணத்தில் அந்தச் செல்கள் ஒன்றையொன்று தேடிக் கிளை நீட்டுவதை முதன்முதலாகப் பார்த்த இரவு, கடைசி நாட்களில் நம் பெயர்களைத் தேடிய பாட்டியின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. அவருக்காகத்தானே இந்தப் படிப்புக்கு வந்தேன்.

இரண்டாவது மரபியல். ஹன்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோய்க்கு ஒரே ஒரு மரபணுதான் காரணம், அதை 1993இல் கண்டுபிடித்தார்கள். அல்சைமரும் பார்க்கின்சனும் பெரும்பாலோருக்கு அப்படி ஒற்றைக் காரணத்தால் வருவதில்லை. ஆயிரக்கணக்கானோரின் மரபணுக்களைக் கணினியில் ஒப்பிட வேண்டும், அதற்கு உயிரியலைவிடப் புள்ளியியல்தான் அதிகம் தேவைப்படுகிறது. மதிப்புள்ள வேலை. ஆனால் நாள் முழுவதும் எண்களைப் பார்த்துவிட்டு, ஒரு மனிதரையாவது பார்க்க மாட்டோமா என்று ஏங்கினேன்.

என் மனத்தைத் திருப்பியவர் எதிர் வீட்டுப் பெரியவர். தன் கதவிலிருந்து மாடிப்படி வரை, தரையில் குறுக்குக் குறுக்காக மஞ்சள் நாடா ஒட்டி வைத்திருக்கிறார். ஏதோ பழுது பார்க்கிறார்கள் என்று பல நாள் நினைத்தேன். ஒரு காலையில் அவர் கதவருகே அசையாமல் நின்றுகொண்டிருந்தார். கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல இருந்தது. உதவலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு முதல் நாடாவை உற்றுப் பார்த்து, அதைத் தாண்டுவது போல ஓர் அடி வைத்தார். அடுத்ததையும் தாண்டினார். படி வரை தடையில்லாமல் நடந்து போய்விட்டார்.

அவருக்குப் பார்க்கின்சன் நோய். உடல் அசைவுக்கு உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிவதால், யோசிக்காமலே நடக்கிற திறமை போய்விடுகிறது. கண்முன் ஒரு கோடு இருந்தால் மூளை வேறு பாதையில் அந்த அடியை எடுத்து வைக்கிறது என்று கருதுகிறார்கள். செல்கள் இறந்த பிறகும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது, அண்ணா! அந்த வழியைத்தான் நான் படிக்கப் போகிறேன். மூன்றாவது ஆய்வகம் நரம்புச் சுற்றுகளை, அதாவது மூளைச் செல்கள் இணைந்து வேலை செய்யும் பாதைகளை, ஆராய்வது. 1987இல் பிரான்சின் கிரெனோபில் நகரில் பெனாபிட் என்ற மருத்துவர், மூளையின் ஆழத்தில் மின்முனை வைத்து வேகமான மின்துடிப்பு கொடுத்தால் நடுக்கம் அடங்குகிறது என்று காட்டினார். அது ஏன் அடங்குகிறது என்பதற்கு இன்றும் முழு விடை இல்லை. இதற்காகக் கணக்கையும் நிரல் எழுதுவதையும் முதலிலிருந்து கற்க வேண்டும். கற்றுக்கொள்கிறேன். வைத்தியம் பார்க்கும் டாக்டராக வரமாட்டேன் என்பதை மட்டும் அம்மாவுக்குப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

தினமும் காலையில் அந்தப் பெரியவர் கதவைத் திறக்கும் ஓசை கேட்டால், ஒரு நொடி அப்பாதான் எழுந்துவிட்டார் என்று தோன்றுகிறது.

அப்பாவின் கடிதத்தை மறுபடியும் மறுபடியும் பார்த்தேன். முதல் வரி அவருடைய வழக்கமான எழுத்து. போகப் போகச் சிறுத்து, கடைசி வரியைப் படிக்க விளக்கடியில் பிடிக்க வேண்டியிருந்தது. கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பியதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தூக்கத்தில் கத்துகிறார், கைகால் வீசுகிறார் என்று அண்ணி முன்பே எழுதியிருந்தார். எதிர் வீட்டுப் பெரியவரின் நோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. நான் மருத்துவர் இல்லை, இதற்கெல்லாம் வேறு காரணமும் இருக்கலாம். ஆனாலும் கண் டாக்டரோடு நிறுத்திவிடாமல், நரம்பியல் மருத்துவரிடம் இந்த மாதமே அழைத்துப் போங்கள். பழைய கடிதம் ஒன்றையும் புதிய கடிதத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நடக்கும்போது எந்தக் கை வீசாமல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் கவனித்துச் சொல்லுங்கள். அம்மாவிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம்.

வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திட நான் தயங்குவேன் என்று நினைக்க வேண்டாம். தம்பியின் கல்லூரிக் கட்டணம்தான் முதலில். வேண்டிய தாள்களை அனுப்பினால் ஒப்பமிட்டு உடனே திருப்பி அனுப்புகிறேன். அப்பா பத்திரத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகு நாள் குறியுங்கள். அவசரப்படுத்தினால் அவர் கை இன்னும் தடுமாறும்.

அன்புள்ள தங்கை