திறந்த திரையை மூடத் தெரிய வேண்டும்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய நாற்றங்கால் ஆப்பின் ஏஐஏ கோப்பை (ப்ராஜெக்ட் முழுவதும் அடங்கிய கோப்பு), பிளாக்குகளை மாட்டி ஆண்ட்ராய்டு ஆப் செய்கிற ஆப் இன்வென்டரில் ஏற்றிப் பார்த்தேன். போனில் மூன்று குறை சொன்னாய். பேக் பட்டனை அழுத்த அழுத்தப் பார்த்த திரைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. செடியின் எண்ணிக்கையைத் திருத்திவிட்டு வந்தாலும் பட்டியலில் பழைய எண்ணே நிற்கிறது. முதல் திரையில் மதிப்பைப் போட்டு வைத்த வேரியபிள் இரண்டாவது திரையில் கிடைக்கவே இல்லை. மூன்றும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. போனில் சொன்னால் பிளாக் பெயரெல்லாம் குழம்பும் என்றுதான் எழுதுகிறேன். லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

முதலில் பேக் பட்டன். செடியின் விவரத் திரையில் 'முகப்பு' என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறாய். அதை அழுத்தினால் 'ஓப்பன் அனதர் ஸ்கிரீன்' பிளாக் ஓடி, பட்டியல் இருக்கும் முதல் திரையான ஸ்கிரீன்1 திறக்கிறது. பார்வைக்கு எல்லாம் சரி. ஆனால் ஆப் இன்வென்டரில் ஒவ்வொரு ஸ்கிரீனும் ஆண்ட்ராய்டுக்குத் தனித்தனி ஆக்டிவிட்டி, அதாவது தனியாக ஓடும் ஒரு திரை. புதிதாக ஒன்றைத் திறந்தால் பழையது போய்விடாது. தட்டின் மேல் தட்டு அடுக்குகிற மாதிரி அடியில் அப்படியே கிடக்கும். நீ திரும்பிப் போவதாக நினைத்த ஸ்கிரீன்1 பழைய ஸ்கிரீன்1 அல்ல. அடுக்கின் உச்சியில் புதிதாக வைத்த இன்னொரு ஸ்கிரீன்1. ஒருவர் பத்துச் செடிகளைப் பார்த்து ஒவ்வொரு முறையும் 'முகப்பு' அழுத்தினால், முதலில் இருந்த ஒன்றின் மேல் இருபது திரைகள் ஏறியிருக்கும். ஒவ்வொன்றும் தன் பட்டியல், தன் படங்கள் எல்லாவற்றையும் நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். உன் போனில் தெரியாது. நாற்றங்காலில் வைத்திருக்கும் பழைய போனில் முதலில் இழுக்கும், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும்.

அந்தத் திரையில் கிளாக் (நேரம் சொல்லி, குறித்த இடைவெளியில் அடிக்கும் கூறு) இருந்தால் தொல்லை இன்னும் ஒரு படி மேலே. கிளாக்கில் 'டைமர் ஆல்வேஸ் ஃபயர்ஸ்' என்று ஒரு பண்பு இருக்கிறது. அது டிக் ஆன நிலையில்தான் வரும். டிக் இருக்கும்வரை, அடியில் கிடக்கும் திரையின் கிளாக்கும் அடித்துக்கொண்டே இருக்கும். பத்து ஸ்கிரீன்1 கிடந்தால் பத்துக் கிளாக். பட்டியல் திரையில் தேதி காட்ட நீ ஒரு கிளாக் வைத்திருக்கிறாய். அதன் டைமர் உனக்குத் தேவையே இல்லை, 'டைமர் எனேபிள்டு' டிக்கை எடுத்துவிடு. டைமர் நின்றாலும் தேதி, நேரம் கேட்கலாம்.

எனவே முன்னால் போவதற்கு மட்டும் 'ஓப்பன்'. திரும்பி வருவதற்கு எப்போதும் 'குளோஸ் ஸ்கிரீன்'. 'முகப்பு' பட்டனில் இருக்கும் பிளாக்கைத் தூக்கிவிட்டு 'குளோஸ் ஸ்கிரீன்' போட்டால் விவரத் திரை அழிந்து, அடியில் காத்திருக்கும் பழைய ஸ்கிரீன்1 தானாக மேலே வரும். எந்தத் திரையிலிருந்தும் ஸ்கிரீன்1ஐ 'ஓப்பன்' செய்கிற பிளாக் உன் கோப்பில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நான் எண்ணியதில் நான்கு இருக்கின்றன. தேடி எடு.

திருத்தும் திரையில் மட்டும் ஒரு சிக்கல். பட்டியல், அதன் மேல் விவரம், அதன் மேல் திருத்தம் என்று மூன்று அடுக்கு. அங்கிருந்து 'நீக்கு' அழுத்தியதும் நேராகப் பட்டியலுக்குப் போக வேண்டும், ஏனென்றால் அந்தச் செடியே இல்லாதபோது விவரத் திரையில் காட்ட ஒன்றுமில்லை. ஒரே தாவலில் இரண்டு திரையை மூடுகிற பிளாக் கிடையாது. அதற்குத்தான் 'குளோஸ் ஸ்கிரீன் வித் வேல்யூ'. திருத்தும் திரையை 'நீக்கியாச்சு' என்ற சொல்லோடு மூடு. விவரத் திரையில் 'அதர் ஸ்கிரீன் குளோஸ்டு' நிகழ்வு ஓடும். அதில் ரிசல்ட் 'நீக்கியாச்சு' என்றால் விவரத் திரையையும் அப்படியே அதே சொல்லோடு மூடு. சங்கிலி மாதிரி இரண்டும் மூடிப் பட்டியல் வந்துவிடும். கண் சிமிட்டுகிற நேரம் விவரத் திரை தெரிந்து மறையும். அது உறுத்தினால் திரையின் பண்புகளில் 'குளோஸ் ஸ்கிரீன் அனிமேஷன்' என்பதை 'நன்' ஆக்கிவிடு.

அடுத்து, பட்டியலில் பழைய எண். போனிலேயே தரவைச் சேமிக்கும் டைனிடிபியிலிருந்து பட்டியலை எடுத்து நிரப்புகிற பிளாக்குகள் முழுவதையும் 'ஸ்கிரீன்1 இனிஷியலைஸ்' நிகழ்வுக்குள் வைத்திருக்கிறாய். அது திரை உருவாகும்போது ஒரு தடவைதான் ஓடும். மேலே இருந்த திரை மூடி ஸ்கிரீன்1 மறுபடி தெரியும்போது ஓடாது. நீ ஸ்கிரீன்1ஐ மறுபடி மறுபடி 'ஓப்பன்' செய்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஊகிக்கிறேன்: அப்படித் திறந்தால் இனிஷியலைஸ் ஓடும், பட்டியல் புதிதாகிவிடும். நோய் ஆறியது போலத் தெரியும், அடுக்கு மட்டும் வளர்ந்துகொண்டே போகும்.

நிரப்புகிற பிளாக்குகளை பெயர் சொல்லிக் கூப்பிடும் பிளாக் தொகுப்பான ஒரு புரொசீஜராகப் பிரித்து வை, 'பட்டியல்நிரப்பு' என்று பெயர் கொடு. இனிஷியலைஸிலும் கூப்பிடு, 'அதர் ஸ்கிரீன் குளோஸ்டு' நிகழ்விலும் கூப்பிடு. பயனர் உன் பட்டனை விட்டுவிட்டுப் போனின் பேக் பட்டனை அழுத்தி வந்தாலும் இந்த நிகழ்வு ஓடும். அப்போது ரிசல்ட் வெறும் காலியாக இருக்கும். அதனால் ரிசல்ட்டில் ஏதாவது இருந்தால்தான் நிரப்புவேன் என்று நிபந்தனை போடாதே. எப்படி வந்தாலும் நிரப்பு. இருபது முப்பது செடிக்கு ஒன்றும் ஆகிவிடாது.

வேரியபிள் விஷயத்துக்கு வருகிறேன். 'குளோபல்' என்ற பெயரைப் பார்த்து ஆப் முழுவதற்கும் பொது என்று நினைத்துவிட்டாய். நினைக்காதவர் குறைவு. அது அந்த ஒரு திரைக்குள் மட்டும்தான் பொது. புரொசீஜரும் அப்படியே, ஒரு திரையில் எழுதியதை இன்னொன்றிலிருந்து கூப்பிட முடியாது. பிளாக்குகளை நகலெடுத்து வைக்கும் பேக்பேக்கில் போட்டு அடுத்த திரைக்கு நகல் எடுக்கலாம். ஆனால் ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் கையால் திருத்த வேண்டும்.

திரைகளுக்கு நடுவே ஒன்றைக் கொண்டுபோக இரண்டு வழி. சிறிய சேதியை 'ஓப்பன் அனதர் ஸ்கிரீன் வித் ஸ்டார்ட் வேல்யூ' பிளாக்கில் அனுப்பி, அந்தப் பக்கம் 'கெட் ஸ்டார்ட் வேல்யூ' கொண்டு வாங்கலாம். பக்கத்திலேயே 'கெட் ப்ளெய்ன் ஸ்டார்ட் டெக்ஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொடாதே. அது வேறு ஆப்பிலிருந்து வரும் சேதிக்கானது. இங்கே போட்டால் செடியின் பெயர் இரண்டு பக்கமும் மேற்கோள் குறியோடு வந்து நிற்கும். நீ கேட்ட 'அந்தக் குறி எங்கிருந்து வருகிறது' என்பதற்குப் பதில் இதுதான்.

தங்க வேண்டிய தரவெல்லாம் டைனிடிபியில். ஒரே ஆப்பின் எல்லாத் திரைகளும் அதைப் பகிர்ந்துகொள்ளும், ஆனால் ஒவ்வொரு திரையிலும் ஒரு டைனிடிபியை இழுத்துப் போட வேண்டும். பொருத்திப் பார்ப்பது 'நேம்ஸ்பேஸ்' பண்பை மட்டும்தான், டைனிடிபிக்கு நீ வைக்கும் பெயரை அல்ல. இரண்டு திரையில் நேம்ஸ்பேஸ் ஒரு எழுத்து மாறினாலும் இரண்டும் தனித்தனிப் பெட்டி, ஒன்றில் போட்டது மற்றதில் இருக்காது.

இப்போது நீ செய்வது: எல்லாச் செடியையும் ஒரே லிஸ்ட்டாக ஒரு டேகில் (டைனிடிபியில் தரவைத் தேடும் பெயர்) வைத்து, விவரத் திரைக்கு 'எத்தனையாவது' என்ற வரிசை எண்ணை அனுப்புகிறாய். மூன்றாவது செடியை நீக்கினால் நான்காவது மூன்றாவதாகிவிடும். அப்புறம் செம்பருத்தியைத் தொட்டால் நந்தியாவட்டை திறக்கும். ஒவ்வொரு செடிக்கும் தனி டேக் கொடு: 'செடி_1001', 'செடி_1002' என்று. விவரத் திரைக்கு அந்த டேகையே ஸ்டார்ட் வேல்யூவாக அனுப்பு. அங்கே 'கெட் வேல்யூ' ஒன்றே போதும். நீக்க 'கிளியர் டேக்'. ஆயிரத்தொன்றில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'கெட் டேக்ஸ்' எழுத்து வரிசையில் தரும். ஒன்றில் தொடங்கினால் 'செடி_10' வந்த பிறகுதான் 'செடி_2' வரும். பின் எண் (ஆப்பைத் திறக்கும் ரகசிய எண்), கடைசியாகக் கொடுத்த டேக் எண் போன்ற அமைப்புகளை வேறு நேம்ஸ்பேஸ் கொடுத்த இன்னொரு டைனிடிபியில் வை, இல்லாவிட்டால் அவையும் செடிப் பட்டியலில் வந்து உட்காரும். திரையில் பட்டியலைக் காட்டும் லிஸ்ட்வியூவில் இருப்பது பெயர்கள்தான் என்பதால், அதே வரிசையில் டேகுகளின் லிஸ்ட் ஒன்றையும் வேரியபிளில் வைத்துக்கொண்டு, 'செலக்ஷன் இண்டெக்ஸ்' (தொட்டது எத்தனையாவது என்ற எண்) கொண்டு அதிலிருந்து எடு.

வரிசையிலும் கவனம் வேண்டும். டைனிடிபியில் சேமிப்பது முதலில், மூடுவது கடைசியில். 'ஓப்பன்' பிளாக்குக்குக் கீழே எதையும் வைக்காதே. புதிய திரை திறந்து மூடும்வரை அது காத்திருக்காது; கீழே இருப்பது உடனே ஓடிவிடும். விவரத் திரையைத் திறந்து, அதற்கடியில் 'பட்டியல்நிரப்பு' போட்டால் திருத்துவதற்கு முன்பே நிரப்பிவிட்டுப் போய்விடும்.

பின் எண் கேட்கும் திரையை முதல் திரையாக வைக்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். ஆப் எப்போதும் ஸ்கிரீன்1இல்தான் தொடங்கும். அதைப் பின் திரையாக்கினால் அது என்றைக்கும் அடுக்கின் அடியில் கிடக்கும்; பட்டியலிலிருந்து பேக் அழுத்தினால் மறுபடி பின் கேட்கும். பட்டியலே ஸ்கிரீன்1ஆக இருக்கட்டும். அதன் இனிஷியலைஸ் முதல் வேலையாகப் பின் திரையைத் திறக்கட்டும். எண் சரியென்றால் அது 'சரி' என்று மூடும், பட்டியலை நிரப்பு. பேக் அழுத்தி நழுவி வந்தால் ரிசல்ட் காலியாக இருக்கும், 'குளோஸ் அப்ளிகேஷன்' போட்டுவிடு. ரிசல்ட்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய இடம் இது. 'அதர் ஸ்கிரீன் குளோஸ்டு' நிகழ்வில் மூடிய திரையின் பெயரும் வரும், அதை முதலில் பார்த்துப் பிரித்துக்கொள், இல்லையென்றால் விவரத் திரையிலிருந்து பேக் அழுத்தினாலும் ஆப் மூடிவிடும்.

இதையெல்லாம் சொன்னபின் இன்னொன்று: உனக்கு ஆறு திரை எதற்கு? பத்தைத் தாண்டினால் ஆப் இன்வென்டரே எச்சரிக்கும், ஆனால் ஆறே உனக்கு அதிகம். உதவித் திரையில் நான்கு வரிதான் இருக்கிறது. 'நோட்டிஃபையர்' கொண்டு ஒரு செய்திப் பெட்டியில் காட்டினால் முடிந்தது. புதுச் செடிப் படிவத்துக்கும் தனித் திரை தேவையில்லை. ஸ்கிரீன்1லேயே இரண்டு 'வெர்ட்டிகல் அரேஞ்ச்மென்ட்' வை, ஒன்றில் பட்டியல், ஒன்றில் படிவம். ஒன்றின் 'விசிபிள்' ட்ரூ என்றால் மற்றது ஃபால்ஸ். வேரியபிள் எல்லாம் ஒரே இடத்தில், அனுப்புவதும் வாங்குவதும் இல்லை, மாறுவதும் உடனே. இரண்டின் உயரமும் 'ஃபில் பேரன்ட்' ஆக இருக்கட்டும். திரையின் 'ஸ்க்ரோலபிள்' டிக்கை எடுத்துவிடு. அது இருந்தால் 'ஃபில் பேரன்ட்' உயரம் வேலை செய்யாமல் பட்டியல் சுருங்கிப்போகும். படிவம் தெரியும்போது பேக் அழுத்தினால் ஆப்பே மூடிவிடும் என்பதால் 'பேக் பிரஸ்டு' நிகழ்வை நீயே கையாள வேண்டும்: படிவம் தெரிந்தால் பட்டியலைக் காட்டு, பட்டியல் தெரிந்தால் ஆப்பை மூடு. அந்த நிகழ்வு பிளாக்கை வெறுமனே இழுத்துப் போட்டு உள்ளே ஒன்றும் வைக்காமல் விட்டால் பேக் பட்டன் செத்துவிடும், ஏனென்றால் நீ பார்த்துக்கொள்கிறாய் என்று அது ஒதுங்கிக்கொள்கிறது. விவரமும் திருத்தமும் தனித் திரையாகவே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஸ்கிரீன்1இல் திணித்தால் பிளாக் பக்கம் காடாகிவிடும், பிறகு எதையும் தேட முடியாது.

திரைப் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், யோசித்து வை. பிறகு மாற்றுவது பெரும்பாடு. 'ஓப்பன்' பிளாக்கில் பெயரைத் தட்டச்சு செய்யாமல், திரைப் பெயர்களைப் பட்டியலாகக் காட்டுகிற பிளாக்கை மாட்டு. பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறினாலே திரை திறக்காது.

ஆப்பை நிறுவாமலே போனில் ஓட்டிப் பார்க்கும் கம்பேனியனில் சோதிக்கும்போது இரண்டு விஷயத்தில் ஏமாறாதே. கம்ப்யூட்டரில் விவரத் திரையைத் தேர்ந்தால் போனிலும் நேராக அதுவே வரும், ஆனால் யாரும் அதைத் திறந்து அனுப்பாததால் ஸ்டார்ட் வேல்யூ காலி. அதனால் வரும் பிழை உன் பிழை அல்ல. ஸ்கிரீன்1ஐத் தேர்ந்து, போனில் தொட்டுத் தொட்டு உள்ளே போ. இரண்டாவது, கம்பேனியனில் ஓடும் எல்லா ஆப்புக்கும் டைனிடிபி ஒன்றே. போன மாதம் செய்த வினாடி வினாவின் டேகுகள் செடிப் பட்டியலில் எட்டிப் பார்த்தது அதனால்தான். 'குளோஸ் அப்ளிகேஷன்' கம்பேனியனில் வேலை செய்யாது என்பதால் பின் திரையை ஏபிகே (போனில் நிறுவும் கோப்பு) எடுத்துத்தான் சோதிக்க முடியும்.

கோடு எழுதி ஆப் செய்யும் ஃபிளட்டர் படிக்கப் போவதாகச் சொன்னாய். அங்கே 'நேவிகேட்டர் புஷ்' திறப்பது, 'பாப்' மூடுவது. பாப் செய்யும்போது மதிப்பையும் திருப்பித் தரலாம். பல அடுக்கை ஒரே தாவலில் மூட 'பாப் அன்டில்' இருக்கிறது, நமக்கு இங்கே அந்த வசதிதான் இல்லை. முகப்புக்குத் திரும்ப 'புஷ்' போட்டால் அங்கேயும் இதே அடுக்குதான்.

திருத்தி முடித்ததும் ஏபிகேயை அந்தப் பழைய போனில் போட்டு இப்படிப் பார்: பட்டியலிலிருந்து ஒரு செடியைத் திற, 'முகப்பு' அழுத்து, இதையே பத்து முறை செய். பிறகு பேக் பட்டனை ஒரே ஒரு முறை அழுத்து. ஆப் மூட வேண்டும். மூடாமல் வேறு திரை வந்தால் எங்கோ ஒரு 'ஓப்பன்' மிச்சம் இருக்கிறது, கோப்பை மறுபடி அனுப்பு. அப்பா சனிக்கிழமை கோவை வருகிறார், பழைய போனின் சார்ஜரைக் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா